ஆம்பூர் வீட்டில் ஒரு ஜன்னல்

நோயாளிக்குக் காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பழைய வீட்டை இடித்துத் திருத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சென்ற மாசி மாதம் நான் சென்னையிலிருந்து வேலூர் வழியாக ஆம்பூருக்குப் போய், என் அக்கா படுத்திருந்த அறைக்கு ஒரு ஜன்னல் வைத்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு ஜன்னல். அதற்கு முழுசாக ஒரு வாரம் பிடித்தது. ஏலகிரி மலையின் காட்சியும் வேலூர்க் கோட்டையின் அழகும் இந்தக் கட்டுரையில் வராது. அவற்றைத் தேடி வந்தவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

நான் சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைகிறவன். பட்டணத்தில் இப்போது மாடிமேல் மாடி எழுப்பி, ஒரே கட்டடத்தில் ஆறு குடும்பம் எட்டுக் குடும்பம் குடிவைக்கும் மோஸ்தர் வந்திருக்கிறது. பிளாட் என்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிச் சமையலறை, தனிக் குளியலறை, சிமிட்டித் தரை, அறைக்கு இரண்டு ஜன்னல், தெருப்பக்கம் வளைவாக ஒரு பால்கனி. காலையிலிருந்து மாலைவரை நான் வரைவது பெரும்பாலும் ஜன்னல்தான். காகிதத்தில் ஜன்னல் என்பது சுவர்க்கோட்டுக்கு நடுவில் இரண்டு மெல்லிய கோடு. இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

அக்கா பெயர் ஞானமணி. ஆம்பூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஒரு தோல் கிடங்கில் குமாஸ்தா. குழந்தைகள் இல்லை. கார்த்திகையில் ஆரம்பித்த இருமல் தை முடிந்தும் நிற்கவில்லை. வேலூருக்கு அழைத்துப் போய்க் காட்டியதில் க்ஷயம் என்று சொல்லிவிட்டார்கள். மாமா எனக்குச் சொல்லியனுப்பிய அன்றே கம்பெனியில் லீவு கேட்டேன்.

சென்னையிலிருந்து காலை ஏழு மணி சுமாருக்குப் புறப்படும் பாசஞ்சரில் ஏறினால் பகல் சாப்பாட்டுக்குள் காட்பாடியில் இறங்கலாம். எண்பது மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றேமுக்கால் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அரக்கோணத்தில் காப்பி குடித்துவிடுங்கள், அதற்கப்புறம் கிடைப்பதைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காட்பாடியில் இறங்கியதும் ஜட்காக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வேலூர் நாலு மைல் சொச்சம். ஆறணா கேட்பார்கள், நாலணாவுக்கு வருவார்கள்.

எனக்கு வாய்த்த ஜட்காக்காரர் பேச்சுப் பிரியர். பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சாமி, ஆஸ்பத்திரிக்கா?"

"ஆமாம். எப்படித் தெரிஞ்சுது?"

"இங்க எறங்கறவங்க பாதிப் பேரு அங்கதான போறாங்க. ஆனா உங்க கையில சொம்பு இல்ல, பாய் இல்ல, சீக்காளியும் கூட இல்ல. அப்போ டாக்டரம்மா இன்னாமோ சொல்லிக்கீறாங்க, அதுக்கு இன்னா அர்த்தம்னு கேக்கப் போறீங்க."

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுக்குழி தோண்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா என்னை உட்காரவைத்து நிதானமாகவே பேசினார். இந்த நோய்க்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பால், முட்டை, ஓய்வு, எல்லாவற்றுக்கும் மேலே காற்று என்றார். க்ஷயரோகிகளுக்கான சானடோரியத்தில் பெயர் எழுதிவைத்திருக்கிறது, இடம் காலியாக நாளாகும். அதுவரை காற்றில்லாத அறையில் வைக்கக் கூடாது. நான் அக்கா வீட்டை ஞாபகத்திலிருந்து ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நடு அறையின் தெற்குச் சுவரில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்க ஒரு ஜன்னல் வைங்க. கட்டிலோட தலைமாடு ஜன்னலுக்குக் கீழ வரணும். அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பக்கத்து வீடு."

"கேட்டுப் பாருங்க," என்றார்.

வேலூர் பஜாரில் சிமிட்டி இரண்டு மூட்டை வாங்கினேன். பழைய மரம் விற்கும் கடையில், இடித்த பங்களா ஒன்றின் தேக்கு ஜன்னல் கிடைத்தது. கண்ணாடி இல்லாமல், சாய்ந்த பலகைகளை வரிசையாக அடுக்கியது. மழைத் தண்ணீர் வெளிப்புறமாக வடிந்துவிடும், காற்று உள்ளே வரும். மூன்று ரூபாய்க்கு அதைவிட நல்ல ஜன்னல் சென்னையிலும் கிடைக்காது. அன்று சாயங்காலம் காட்பாடியிலிருந்து ஆம்பூருக்கு ரயில் ஏறும்போது எனக்குக் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. முப்பத்திரண்டு மைல், பதினோரு அணாவுக்குள் டிக்கெட். மூட்டைக்கும் ஜன்னலுக்கும் தனியாகக் கூலி. குடியாத்தம், மேல்பட்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நெசவுக்காரரும் பீடிக்கட்டுக்காரரும் ஏறி, என் ஜன்னல்மேலேயே சாய்ந்துகொண்டு வந்தார்கள்.

ஆம்பூர் வருவதை மூக்கு சொல்லிவிடும். பச்சைத் தோல், சுண்ணாம்புக் குழி, ஊறவைத்த ஆவாரம்பட்டை, மூன்றும் சேர்ந்த நாற்றம். ஊர்க்காரர்களைக் கேட்டால் அப்படியா என்பார்கள்.

அக்கா வீடு ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறை கொண்டது. இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டிய சுவர். தெருப்பக்க அறையைத் திறந்தால் நாள் முழுக்கத் தோல் வண்டிகளின் புழுதி. கொல்லைப்பக்கம் போனால் சுவருக்கு அப்பால் தோல் பதனிடும் ஷெட்டின் சுண்ணாம்புக் குழிகள். மிஞ்சியது நடு அறை. அதில்தான் அக்கா படுத்திருந்தாள். அவளைப் பார்த்து நான் திடுக்கிட்டதை அவள் கவனித்துவிட்டாள்.

"இன்னாடா, ஜன்னலத் தலையில தூக்கிக்கினு வந்துட்டியா? படிக்கச் சொன்னா படம் போட்டுக்கினு இருப்ப. அதுவும் ஒருத்திக்கு உதவுது பாரு," என்றாள். சிரிக்கப் பார்த்து, இருமலில் முடிந்தது.

மாமா என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஜன்னலு வாங்கியாந்துட்ட, செரி. அந்தச் செவுத்துக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு தெரியுமா? சாயபு வூட்டு முத்தம். பொம்பளைங்க பொழங்கற எடம். இந்த ஊருல கோஷா வூட்டுப் பக்கம் யாராவது ஜன்னல் வச்சிப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. இதுதான் நான் காகிதத்தில் போடாத கோடு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது, சண்டையும் கிடையாது. முஸ்லிம் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி யாரும் சுவரில் துளை போடமாட்டார்கள். மாடி கட்டினாலும் அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மறைப்பு எழுப்பிவிடுவார்கள். எல்லா ஜாதியும் மதமும் இதில் ஒன்று.

மறுநாள் காலை மாமாவும் நானும் சாயபு வீட்டுக்குப் போனோம். அவர் தோல் வியாபாரி. நல்ல மனிதர். உட்காரவைத்து டீ கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"டீச்சரம்மாவுக்குச் சீக்குன்னா எங்களுக்கும் பேஜார்தான். பாலு வேணும்னா அனுப்பறேன். வேலூருக்குப் போவ வண்டி வேணுமா, எடுத்துக்கினு போங்க. ஜன்னலு மட்டும் கேக்காதீங்க சார். வயசுக்கு வந்த பொண்ணுங்க இருக்குதுங்க."

எழுந்திருக்கப் போனோம். அப்போது உள் வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் உருதுவில் ஏதோ சொன்னது. சாயபு பதில் சொன்னார். குரல் மறுபடி சொன்னது, இந்தத் தடவை எங்களுக்குப் புரியவேண்டும் என்றே தமிழில்.

"அந்தம்மா இருமற சத்தம் ராவெல்லாம் எங்களுக்குக் கேக்குது. எம் பொண்ணுங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க. அஞ்சு வருசமா இந்த முத்தத்துல வந்து குந்திச் சொல்லிக் குடுத்தாங்க. காத்து இல்லாம சாவட்டும்னு நான் சொல்லமாட்டேன்."

அக்கா பள்ளிக்கூடம் முடிந்து சாயங்காலத்தில் அந்த வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த முற்றத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

திரைக்குப் பின்னாலிருந்தே நிபந்தனைகள் வந்தன. ஜன்னலின் அடிவிளிம்பு ஆள் கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். அதன் வழியாகப் பார்த்தால் வானம் தவிர வேறொன்றும் தெரியக்கூடாது. சுவர்மேல் கொத்தனார் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் குரல் கொடுத்துவிட்டு ஏறவேண்டும்.

"அப்பறம் இன்னொண்ணு," என்றார் சாயபு, என் முகத்தைப் பார்க்காமல். "டீச்சரம்மா குணமாயி எழுந்ததும் அடச்சிடணும். எடுக்கற செங்கல்ல வெளிய தள்ளிடாதீங்க. அதே கல்லுல அடச்சிட்டா நாளைக்கு யாரும் ஒண்ணும் பேசமாட்டாங்க."

மாமா உடனே சம்மதித்தார். அவர் வாக்குக் கொடுத்தால் எழுத்தில் போட்ட மாதிரி.

வேலைக்கு வந்த கொத்தனார் முனுசாமி, என் ஜன்னலைப் பார்த்ததும் தலைகீழாகப் பிடித்தார். சாய்வுப் பலகை ஜன்னலைச் சரியாக வைத்தால் உள்ளேயிருந்து பார்க்கிறவருக்குத் தரை தெரியும். அதாவது சாயபு வீட்டு முற்றம் தெரியும். தலைகீழாக வைத்தால் வானம் தெரியும், ஆனால் மழை பெய்தால் தண்ணீர் அறைக்குள் வடியும். படம் வரைகிற எவனும் செய்யாத காரியம் அது. அப்படியே வைக்கச் சொன்னேன். மழைக்கு ஒரு சாக்குத் திரை தைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

நாங்கள் இன்னும் என்னென்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். நடு அறையின் பரணைப் பிரித்தோம். பல வருஷத்துப் புழுதி அதில்தான் இருந்தது. சாணித் தரையைக் கொத்தி எடுத்துச் சிமிட்டி போட்டோம். தரையும் சுவரும் சேரும் மூலைகளைப் புது பிளாட்டுகளில் செய்வதுபோல உருட்டிப் பூசச் சொன்னேன், அழுக்குத் தங்காது, துடைப்பது சுலபம். சுவருக்கு மூன்று கை வெள்ளை, கடைசிக் கையில் கொஞ்சம் நீலம் கலந்து. இந்த வேலை முடியும்வரை அக்காவைத் தெருப்பக்க அறையில் வைத்திருந்தோம். புழுதியில் இருமிக்கொண்டே, "எனக்கு பங்களா கட்டறான் எந் தம்பி," என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

"ஆளு ஏறுதும்மா! உள்ளார போங்கம்மா!" முனுசாமி சுவரில் ஏறுமுன் இப்படிக் கத்துவார். அந்தப் பக்கம் வளையல் சத்தம், ஓட்டம், கதவு சாத்தும் சத்தம். அப்புறம் ஏறுவார். கரண்டியை மறந்துவிட்டு இறங்குவார். மறுபடி, "ஆளு ஏறுதும்மா!" ஒரு தடவை திரைக்குரல் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தியது: "எத்தினி வாட்டிய்யா ஏறுவ? அடுப்புல சோறு அடி புடிச்சிடுச்சி!" அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். நான் ஆம்பூரில் இருந்த நாட்களில் அவள் இருமாமல் சிரித்தது அப்போதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் நின்றது. சாந்து காய ஒருநாள் விட்டு, கட்டிலைப் போட்டு, டாக்டரம்மா சொன்னபடி தலைமாட்டை ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். வெயில் தாழ்ந்ததும் காற்று வந்தது. உண்மையாகவே வந்தது. அக்காவின் நெற்றியில் முடி அசைந்ததைப் பார்த்தேன். மாமா வெளியே போய் அழுதுவிட்டு வந்தார். எனக்கு நாளைக்கே அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று தோன்றியது. படித்தவன், வயது வந்தவன், அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் பகல் வண்டிக்கு நான் புறப்படவேண்டும். காலையில் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கண் எதிர்ச்சுவரிலேயே நின்றது. தலைமாட்டில் ஜன்னல் இருந்தால், படுத்திருக்கிறவருக்கு ஜன்னல் தெரியாது. கால்மாட்டுச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரோரமாக, கொல்லையில் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய்விடும் என்று பயந்து, மாமா ஜன்னலுக்காகச் சுவரிலிருந்து எடுத்த செங்கல்லை எல்லாம் சுத்தமாகச் சாந்து தட்டி அடுக்கிவைத்திருந்தார்.

"காத்து வருதாக்கா?"

"வருதுடா. நல்லா வருது." கொஞ்சநேரம் கழித்து, "அந்தக் கல்லு எதுக்கு?" என்றாள்.

"திரும்ப அடைக்கணும்னு பேச்சு. உனக்குக் குணமானதும்."

"குணமானா அடைச்சிடுவாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "குணமாவலன்னாலும் அடைச்சிடுவாங்க, இல்ல? எப்படியும் அந்தக் கல்லு செவுத்துல ஏறிடும்."

கல்லை இப்போதே வெளியே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"உடு. கல்லு கெடக்கட்டும். பசங்க சத்தந்தான்டா கேக்கல."

எந்தப் பசங்க என்று கேட்டேன். முன்பெல்லாம் பாடம் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் சாயபு வீட்டுப் பெண்கள் முற்றத்தில் இந்தச் சுவரோரமாக உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்களாம். தப்பாகப் படித்தால் அக்கா இங்கிருந்தபடியே சுவரில் தட்டுவாளாம். அவர்கள் சிரித்துக்கொண்டு திருத்திப் படிப்பார்களாம். படுக்கையில் விழுந்த பிறகும் அது நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் திறந்த நாளிலிருந்து முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை.

போகும்போது சாயபுவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவராகவே ஆரம்பித்தார். "பொம்பளைங்க எல்லாத்தையும் பின்கட்டுக்கு மாத்திட்டாங்க சார். ஜன்னலுல இருமலு நேரா வருது. கொழந்தைங்க வூடு. தப்பா நெனைக்காதீங்க." நான் எப்படித் தப்பாக நினைப்பது? டாக்டரம்மாவே எங்களுக்குச் சொன்னதுதான், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள் என்று. கோபப்பட யாராவது கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஊரில் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

வண்டி ஏறுமுன் மாமாவிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் பதறிப்போய் அதன்மேல் ஒரு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. திரும்பி வரும்போது ஆம்பூரிலிருந்து சென்னைவரை என்ன ஸ்டேஷன் வந்தது, யார் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. பயணக் கட்டுரைக்கு இது அழகல்ல.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சுவரைத் தொடுமுன் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், கேட்டால் மனிதர்கள் இரங்கத்தான் செய்கிறார்கள். சிமிட்டியை வேலூரிலேயே வாங்கிவிடுங்கள், ஆம்பூரில் விலை ஜாஸ்தி. காட்பாடியில் ரயில் கூலிக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூலைகளை உருட்டிப் பூசுங்கள். சாய்வுப் பலகை ஜன்னலைத் தலைகீழாக வைக்க நேர்ந்தால் மழைக்குச் சாக்குத் திரை தேவை. எடுத்த செங்கல்லை எந்தக் காரணத்துக்காகவும் நோயாளி இருக்கும் அறையில் அடுக்காதீர்கள். கட்டிலில் படுப்பவர் என்ன பார்த்துக்கொண்டிருப்பார் என்று, ஒருதரம் நீங்கள் அதில் படுத்துப் பார்த்துவிடுங்கள். நான் வரைகிற எந்தப் படத்திலும் அது தெரிவதில்லை. இந்த மாதம் ஒரு பிளாட் கட்டடத்துக்கு நாற்பதுக்கு மேல் ஜன்னல் வரைந்தேன். எல்லாம் நாலு பக்கமும் திறந்த வெளியைப் பார்த்தவை. யார் குடிவரப்போகிறார்களோ.

அந்த ஜன்னல் ஆனி மாதம்வரை திறந்திருந்தது. சானடோரியத்தில் இடம் காலியாகவில்லை. அடக்கத்துக்கு நான் போய்ச் சேரமுடியவில்லை. ஆடியில் மாமா சென்னைக்கு வந்து இரண்டு நாள் என்னோடு தங்கினார். கொடுத்த வாக்குப்படி அதே கல்லை வைத்து முனுசாமி அடைத்துவிட்டாராம். வெள்ளை அடித்தபின் ஜன்னல் இருந்த இடமே தெரியவில்லையாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசங்க மறுபடியும் முத்தத்துல குந்திப் படிக்குதுங்கடா," என்றார். "நேத்து ஒண்ணு தப்பாப் படிச்சிடுச்சி. அப்பறம் எல்லாம் சும்மா இருந்துச்சிங்க. ரொம்ப நேரம் சும்மா இருந்துச்சிங்க. எனக்கு எழுந்து போயி தட்டலாம்னு தோணிச்சி. எங்க தட்டணும்னு தெரியல."